ஸ்காட்லாந்தின் மூலையில் ஒரு கொலை: துப்பறியும் நாவல் எழுதப் புறப்படுபவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் ஒதுக்குப்புறக் கிராமத்தில் நடக்கும் துப்பறியும் நாவலைத் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பிணம் கிடைத்தாயிற்று. இனி யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வந்து சேர்வார்கள், யாருக்கு என்ன அதிகாரம் என்பது தெரியாது. உடனே லண்டன் கதைகளில் படித்த கரோனர் (சந்தேக மரணத்தை விசாரிக்கும் அதிகாரி), இன்க்வெஸ்ட் (அவர் நடத்தும் விசாரணை), பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) எல்லாரையும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் இவர்கள் யாரும் கிடையாது. அங்கே சட்டம் தனி, நீதிமன்றம் தனி, சொத்துரிமைகூடத் தனி. அது தெரிந்தால் கதையின் முடிச்சுகள் பாதி தானாகவே விழும்.

இங்கே சொல்வதெல்லாம் இன்றைய காலத்துக் கதைக்கு. 2013 ஏப்ரல் 1 அன்றுதான் எட்டுக் காவல் படைகள் இணைந்து 'போலீஸ் ஸ்காட்லாந்து' என்ற ஒரே படையாயின. உங்கள் கதை அதற்கு முந்தையது என்றால் படையின் பெயரும் தலைமையிடமும் மாறும்.

1. ஊரை எது துண்டிக்கிறது என்று முடிவுசெய்யுங்கள்

'ஒதுக்குப்புறம்' என்று சும்மா எழுதினால் போதாது. ஊரை உலகத்திலிருந்து பிரிப்பது எது? அதை வைத்துத்தான் கதையின் கடிகாரம் ஓடும்.

சாலையே இல்லாத ஊர் ஒரு வகை. நாய்டார்ட் தீபகற்பத்தில் உள்ள இன்வெரி அப்படிப்பட்டது. பிரிட்டனின் மற்ற சாலைகளோடு அதற்குத் தொடர்பில்லை. மாலேக் துறைமுகத்திலிருந்து படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம், இல்லாவிட்டால் மலை வழியே முழு நாள் நடை.

மலைக்கணவாய் துண்டிக்கும் ஊர் இன்னொரு வகை. ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பியாலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம். பனி விழுந்தால் மூடிவிடும். ஆனால் கரையோரமாக ஒரு சுற்றுச்சாலையும் உண்டு. அதை மறந்து 'ஊரே அடைபட்டது' என்று எழுதினால், ஒருமுறை போய்வந்த வாசகர்கூடப் பிடித்துவிடுவார். மூன்றாவது வகை தீவு. அங்கே காற்று பலமானால் ஃபெர்ரி ரத்து.

உண்மை ஊரின் பெயரை வைக்காதீர்கள். நூறு பேர் வாழும் ஊரில் தபால்காரர் ஒருவர்தான், மதுக்கடை நடத்துபவர் ஒருவர்தான். நீங்கள் கொலைகாரராக்குவது உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை. ஊரைக் கற்பனையாக வைத்து, அருகிலுள்ள பட்டணம், துறைமுகம், தூரம், நீதிமன்றம் இவற்றை உண்மையாக வையுங்கள்.

கற்பனைப் பெயர் அந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக்கிலிருந்து வர வேண்டும். 'இன்வர்' என்றால் ஆறு கலக்கும் முகம், 'கில்' தேவாலயம், 'கைல்' குறுகிய நீரிணை, 'பென்' மலை. எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகிக்காதீர்கள். 'இஸ்லே' என்று படிக்கத் தோன்றும் தீவை ஊரார் 'ஐலா' என்பார்கள். 'மென்சீஸ்' என்ற குடும்பப் பெயர் அங்கே 'மிங்கிஸ்'. 'கிர்க்கட்பிரைட்' போலத் தெரியும் ஊர் 'கர்கூப்ரி'. தமிழில் ஒலியைத்தான் எழுதுகிறோம், அதனால் தவறு பளிச்சென்று தெரியும்.

செலவு: ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் இலவசம். இன்றைய காலத்துக்கு 1:25,000 அளவில் உள்ள 'எக்ஸ்ப்ளோரர்' தாள் ஒன்று வாங்கினால் போதும். வேலி, ஓடை, இடிந்த வீடு வரை அதில் இருக்கும்.

2. தேதியை முதலில் குறியுங்கள்

வெளிச்சம்: வட ஸ்காட்லாந்தின் முக்கிய நகரமான இன்வர்னஸ் பக்கம் டிசம்பர் நடுவில் சூரியன் உதிக்கக் காலை 9 மணி நெருங்கிவிடும், 3.35 வாக்கில் மறையும். ஜூனில் 4.20-க்கு உதித்து இரவு 10.20-க்கு மறையும், அதன் பிறகும் முழு இருட்டு வராது. 'ஜூன் மாத நள்ளிரவுக் கும்மிருட்டில்' என்ற வரி அங்கே நடக்காது.

கடல்: ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிமாறி வரும், ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக வற்றும். வட மேற்குக் கரையில் அந்த நாள்களில் ஏற்றம் காலையும் மாலையும் ஆறு, ஏழு மணியை ஒட்டி வரும். ஆகவே பகலில் பெரிய வற்றம் எப்போதும் நண்பகல், ஒரு மணி வாக்கில்தான். 'பௌர்ணமியன்று காலை ஏழு மணிக்குக் கடல் உள்வாங்கியிருந்தது' என்று அந்தக் கரையில் எழுத முடியாது. பிரிட்டிஷ் கடல் அளவைத் துறையின் 'ஈஸிடைட்' தளத்தில் அடுத்த ஏழு நாள்களுக்கான நேரங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

கோடையில் மிட்ஜ் என்னும் பொடிக் கொசு. காற்று இல்லாத ஈரமான மாலையில் அரை மணி நேரம் வெளியே நின்று யாரும் விசாரணை நடத்த மாட்டார்கள். தடயவியல் ஆள்கள் முகவலை போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள்.

3. முதல் ஆறு மணி நேரத்தை அட்டவணையாகப் போடுங்கள்

இதைச் செய்யாமல் எழுத உட்காராதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: நாய்டார்ட் போன்ற சாலையில்லாத இடம், டிசம்பர், அமாவாசைக்கு மறுநாள்.

பகல் 12.45. பெரிய வற்றம். வழக்கமாகக் கடல் மூடியிருக்கும் பாறைகள் வெளியே தெரிகின்றன. விற்பனைக்காகக் கடல் நத்தை பொறுக்கும் பெண், தோளில் வலைச்சாக்கோடு, பாசியை விலக்கும்போது ஒரு கையைப் பார்க்கிறார். அந்த இடத்தில் மொபைல் சிக்னல் இல்லை. துறைக்கு ஓடிவந்து 999-ஐ அழைக்க 1.05 ஆகிவிடும். அழைப்பை எடுப்பவர் அந்த ஊரைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். எந்தப் பாறை என்று புரியவைக்கச் சில நிமிடம்.

2.10. மாலேக்கிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் படகு பிடித்து வந்து சேர்கிறார்கள். கடல் ஏறத் தொடங்கி ஒன்றரை மணி நேரம். கையில் போன் கேமரா, நாடா, கையுறை. பிணத்தை அப்படியே விடுவதா, மேலே தூக்குவதா? தூக்கினால் தடயம் கலையும். விட்டால் கடல் கொண்டுபோகும். தூக்கத்தான் வேண்டும். அதற்குமுன் நான்கு பக்கமும் படம், கயிறு இருந்தால் முடிச்சை அவிழ்க்காமல் தள்ளி வெட்டுவது, பாசியில் இழுத்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

3.00. அந்தப் பாறை நீருக்குள். 3.40. சூரியன் மறைந்துவிட்டது.

5.00-க்குப் பின்: இன்வர்னஸிலிருந்து புறப்பட்ட பெருங்குற்றப் புலனாய்வுக் குழு துறையில் இறங்குகிறது. ஃபோர்ட் வில்லியம் வழியாக மாலேக் வர மட்டும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அதன்மேல் படகு. உங்கள் நாவலின் துப்பறிவாளர் கொலை நடந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் வேலையைத் தொடங்குகிறார். அவரிடம் இருப்பது ஓர் இளம் கான்ஸ்டபிள் குளிரில் நடுங்கும் கையால் எடுத்த முப்பது படங்கள். அதே இடத்தை அவர் நின்று பார்க்க மறுநாள் பகல் ஒன்றரை மணி வரை காத்திருக்க வேண்டும். கொலையாளி உள்ளூர்க்காரரா, வெளியாளா என்பதற்கான முதல் குறிப்பும் இங்கேதான்: அந்தப் பாறை மாதத்தில் சில நாள் மட்டுமே வெளியே தெரியும் என்று கொலையாளிக்குத் தெரிந்திருந்ததா?

ஹெலிகாப்டரை வரவழைத்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். போலீஸ் ஹெலிகாப்டர் கிளாஸ்கோவில் இருக்கிறது. கடலோரக் காவலின் மீட்பு ஹெலிகாப்டர் இன்வர்னஸிலும் ஸ்டோர்னோவேயிலும் உண்டு. அது உயிரைக் காப்பாற்ற வரும், துப்பறிவாளரை ஏற்றிவர அல்ல.

இறந்த நேரம் 'இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே' என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். குளிர்ந்த நீரில் உடல் விறைப்பதும் அழுகுவதும் தாமதமாகும். கடைசியாக யார் பார்த்தார்கள், போன் எப்போது அணைந்தது, படகு எப்போது போனது என்பவற்றை வைத்துத்தான் நேரத்தைக் குறுக்க முடியும்.

4. விசாரணை யார் கையில்?

சந்தேக மரணம் எல்லாம் ப்ரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்னும் அரசு வழக்குத்தொடுநரின் பொறுப்பு. ஊரில் 'ஃபிஸ்கல்' என்று சுருக்கிச் சொல்வார்கள். காவல்துறை விசாரிப்பது அவருக்காக; வழக்குப் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவரும் அவரே. பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடுவதும் உடலை விடுவிப்பதும் அவர்தான்.

கொலைச் சந்தேகம் இருந்தால் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து செய்வார்கள். தனியாக ஒரு மருத்துவர் கத்தியோடு நின்று தத்துவம் பேசும் காட்சியை மாற்றி எழுதுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்பு தன் சார்பில் இன்னொரு பரிசோதனை கேட்கலாம் என்பதால் உடல் வாரக்கணக்கில் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகலாம். இரண்டாம் அத்தியாயத்தில் கொலை, நான்காம் அத்தியாயத்தில் அடக்கம் என்று வைத்தவர்கள் இங்கே இடறுவார்கள்.

சொற்கள்: குற்றம் நடந்த இடத்தைப் போலீஸ்காரர்கள் 'லோகஸ்' என்பார்கள். நீதிமன்றச் சான்றுப்பொருள் 'ப்ரொடக்‌ஷன்'. வாதாடுபவர் அட்வகேட். ஷெரிஃப் என்பவர் நீதிபதி, துப்பாக்கியோடு குதிரையில் வருபவர் அல்ல. கொல்லும் கொடிய நோக்கமோ உயிரைப் பொருட்படுத்தாத கொடிய அலட்சியமோ இல்லாமல் ஒருவர் உயிரைப் போக்கிய குற்றத்துக்கு 'கல்பபிள் ஹோமிசைட்' என்று பெயர். இந்தியச் சட்டத்திலும் இதே சொல் உண்டு, ஆனால் விளக்கம் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

5. இரட்டைச் சான்று: கதையின் உயிர்நாடி

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஸ்காட்லாந்தில் குற்றம் நடந்தது என்பதற்கும், அதைச் செய்தவர் இவர்தான் என்பதற்கும் ஒன்றுக்கொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும். 'கரோபரேஷன்' என்பார்கள். ஒரு சாட்சி எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் அவர் சொல் மட்டும் போதாது. ஒப்புதல் வாக்குமூலமும் தனியாகப் போதாது. போலீஸார் இருவர் இருவராகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே துப்பறிவாளர் தனியாகக் குற்றவாளியின் சமையலறையில் உட்கார்ந்து, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, 'ஆமாம், நான்தான் செய்தேன்' என்று வரவழைக்கும் உச்சக்காட்சி அங்கே வழக்கை முடித்துவைக்காது. அவர் வெளியே வந்து எதை வைத்து அதை உறுதிப்படுத்துவார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

ஒரு வழி உண்டு. குற்றவாளிக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் வாக்குமூலத்தில் இருந்து, அது உண்மை என்று தனியே தெரியவந்தால், அதுவே இரண்டாவது சான்றாகும். 1958-ல் பீட்டர் மானுவெல் என்ற தொடர் கொலைகாரரின் வழக்கில் இந்த விதி நிலைபெற்றது. பிணம் புதைந்த இடத்தை அவரே காட்டிக்கொடுத்திருந்தார். இப்போது உங்கள் கிராமத்தை நினையுங்கள். கயிற்றின் நிறம், முடிச்சின் வகை என்று எல்லாம் மாலைக்குள் மதுக்கடையில் பேச்சாகிவிடும். ஊருக்கே தெரிந்த விவரம் 'குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த' விவரம் ஆகாது. எதை வெளியே விடாமல் காப்பது என்பது துப்பறிவாளரின் முதல் நாள் கவலையாக இருக்கட்டும். நத்தை பொறுக்கிய பெண் எதைப் பார்த்தார், யாரிடம் சொன்னார்? நாவலின் கடைசிப் பக்கம் அந்தப் பதிலைப் பொறுத்தே நிற்கலாம்.

6. கைதும் கெடுவும்

- குற்றஞ்சாட்டாமல் காவலில் வைக்க 12 மணி நேரம். விசாரணையில் தொடர்பில்லாத, இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி இன்னொரு 12 மணி நேரம் நீட்டிக்கலாம்.
- எச்சரிக்கை வாசகத்தில் கவனம். 'இப்போது சொல்லாமல் விட்டால் பிறகு உங்களுக்குப் பாதகமாகலாம்' என்பது இங்கிலாந்து வாசகம். ஸ்காட்லாந்தில் பேச வேண்டிய கட்டாயமில்லை. மௌனத்தைக் குற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளவும் முடியாது.
- முதல் ஆஜர் ஷெரிஃப் நீதிமன்றத்தில், அடுத்த வேலைநாளில், மூடிய அறையில். குற்றத்தை ஒப்புகிறீர்களா என்று அன்று கேட்க மாட்டார்கள். ஆகவே கூட்டம் நிறைந்த நீதிமன்றத்தில் தாய் அலறும் காட்சியை வாசலுக்கு மாற்றுங்கள்.
- காவலில் இருப்பவரின் வழக்கு 140 நாளுக்குள் தொடங்க வேண்டும். கோவிட் காலத்தில் இந்தக் கெடு தற்காலிகமாக நீண்டது. கதை அந்த ஆண்டுகளில் நடந்தால் சரிபாருங்கள்.
- தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் (ஜூரி) 15 பேர். நீண்ட காலமாகக் குற்றவாளி என்று எட்டுப் பேர் சொன்னால் போதும் என்றிருந்தது. 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பும் இருந்தது. 2025-ல் நிறைவேறிய சட்டம் அந்தத் தீர்ப்பை நீக்கி, பத்துப் பேர் வேண்டும் என்று மாற்றியது. கதை நடக்கும் ஆண்டை முதல் பக்கத்திலேயே தீர்மானிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

7. கொலைக்கான காரணத்தை நிலத்தில் தேடுங்கள்

'அப்பா உயிலில் மகனுக்கு ஒன்றும் வைக்கவில்லை' என்பது பழகிய காரணம். ஸ்காட்லாந்தில் பணம், பங்கு, நகை போன்ற அசையும் சொத்தில் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் பிடுங்க முடியாத பங்கு உண்டு: இருவகையினரும் இருந்தால் மூன்றில் ஒன்று வீதம், ஒருவகையினர் மட்டும் என்றால் பாதி. வீட்டையும் நிலத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எனவே சண்டை வங்கிக் கணக்குக்காக அல்லாமல் வீட்டுக்காக இருக்கட்டும்.

அதைவிட வளமானது 'கிராஃப்ட்'. குறைந்த வாடகைக்குப் பரம்பரையாக உழும் சிறு நிலம். 1886-லிருந்து குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது. குத்தகைக்காரர் நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் வாழ வேண்டும். 1976 சட்டப்படி, ஆண்டு வாடகையைப் போல் 15 மடங்கு கொடுத்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கேட்கலாம்: வாடகை 30 பவுண்டு என்றால் 450 பவுண்டு. கடலைப் பார்த்த அதே நிலத்தை விடுமுறை வீட்டுக்கு விற்றால் கிடைப்பது எத்தனையோ மடங்கு. ஆனால் பத்தாண்டுக்குள் குடும்பத்துக்கு வெளியே விற்றால் முன்னாள் நிலவுடைமையாளர் லாபத்தில் பங்கு கேட்கலாம். அந்தப் பத்தாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஒருவர் செத்தால்?

இந்த ஆவணங்கள் இன்வர்னஸில் உள்ள கிராஃப்டிங் கமிஷனில் இருக்கும். குத்தகைப் பதிவேட்டை இணையத்திலேயே தேடலாம். ஊரில் பொது மேய்ச்சல் நிலத்தைக் கவனிக்கும் கிளார்க் ஒருவர் இருப்பார். யாருக்கு எத்தனை ஆட்டுப் பங்கு என்ற கணக்கு அவரிடம். உங்கள் துப்பறிவாளர் முதலில் பார்க்க வேண்டிய ஆள் அவர்.

இன்னொன்று: 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்தால் பெரும்பாலான தனியார் நிலத்தில் யாரும் நடக்கலாம். 'என் மலையில் ஏன் நுழைந்தாய்' என்று வேட்டைக் காவலர் விரட்டினால், அவருக்கு வேறு காரணம் இருக்கிறது என்று வாசகருக்குத் தோன்ற வேண்டும்.

8. துப்பாக்கியும் குடியும்

மேசை இழுப்பறையில் கைத்துப்பாக்கி வேண்டாம். 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு கைத்துப்பாக்கி வைத்திருப்பது தடை. மான் சுடும் ரைஃபிளும் ஷாட்கன்னும் உரிமத்தோடு உண்டு. ஏர்கன்னுக்கும் 2016 கடைசியிலிருந்து உரிமம் வேண்டும். ஊர்க் கான்ஸ்டபிள் துப்பாக்கி இல்லாமல்தான் வருவார். வாகனம் ஓட்டுபவருக்கான மது அளவு 2014 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தைவிடக் குறைவு: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். இரண்டு விஸ்கி அடித்துவிட்டுத் துப்பறிவாளர் காரை எடுத்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

9. பேச்சைத் தமிழில் கொண்டுவருவது

ஹைலேண்ட்ஸ் என்னும் வடக்கு மலைநாட்டு ஆள்களை நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ பேச வைக்காதீர்கள். வாசகர் கண்முன் தாமிரபரணிதான் ஓடும். எளிய, நிதானமான பேச்சுத்தமிழ் போதும். கிளாஸ்கோவிலிருந்து வந்த அதிகாரியை மட்டும் வேகமாக, வெட்டிப் பேச விடுங்கள்.

தமிழ் எழுத்தாளருக்கு இங்கே ஒரு கொடை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வேறுபாடு இல்லை, கேலிக்கில் உண்டு. 'ஊ' என்றால் நீ, 'ஷிவ்' என்றால் நீங்கள். பெரியவர்களிடம் 'ஷிவ்' தான். முதியவர்கள் கேலிக்கில் பேசும் இடங்களில் இந்த மரியாதையைத் தமிழில் அப்படியே காட்டலாம். விளிவேற்றுமையும் உண்டு: 'ஷேமஸ்' என்பவரைக் கூப்பிடும்போது 'ஹேமிஷ்' ஆவார், 'மாரி' என்ற பெண் 'வாரி' ஆவார். போனில் கேட்ட பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒரே ஆள்தான் என்று வெளியூர் அதிகாரிக்குப் புரியாமல் போவது நம்பத்தக்க குழப்பம்.

ஒரே ஊரில் மெக்டொனால்டுகள் பத்துப் பேர் இருப்பார்கள். தொழிலையோ வீட்டையோ சேர்த்துத்தான் அழைப்பார்கள்: தபால்கார டொனால்ட், பாலத்தடி மாரி. பட்டப்பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்கும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். காவல்துறையில் கீழுள்ளவர்கள் மேலதிகாரியை 'பாஸ்' என்றோ 'மேம்' என்றோ அழைக்கலாம்.

10. நேரில் போவதானால்

விசா: பிரிட்டனின் சாதாரண வருகையாளர் விசா, ஆறு மாதம் வரை. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விரல்ரேகை கொடுத்த பின் முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம். கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டானது. அவ்வப்போது ஏறும், கட்டும் நாளில் பாருங்கள். ஆவணங்கள்: பாஸ்போர்ட், ஆறு மாத வங்கிக் கணக்கு, வேலை அல்லது தொழில் சான்று, திட்டமிட்ட வழி. பட்டா போன்ற தமிழ் ஆவணம் எதையாவது இணைத்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் கணக்கில் பெருந்தொகை போட்டு நிரப்பாதீர்கள், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும்.

வழி: கிளாஸ்கோவிலிருந்து மாலேக்குக்கு ரயில் ஐந்து மணி நேரத்துக்கு மேல், நாளுக்கு மூன்று நான்குதான், ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போயிற்று. தீவுகளுக்குப் படகு விடும் கால்மேக் நிறுவனத்தின் ஃெர்ரிக்குக் கோடை அட்டவணை வேறு, குளிர்கால அட்டவணை வேறு. கதை நடக்கும் மாதத்தின் அட்டவணையை அச்செடுத்து வையுங்கள்.

கதை குளிர்காலம் என்றால் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். ஆனால் சிற்றூர்களில் விடுதிகள் பல அக்டோபர் கடைசியில் மூடி ஈஸ்டருக்குத்தான் திறக்கும். தங்க இடம் உறுதியான பிறகே படகுக்குப் பணம் கட்டுங்கள். திரும்பும் விமானத்துக்கும் கடைசிப் படகுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். காற்று அடித்தால் படகு வராது.